வெள்ளையனுக்கு வேப்பிலை

"நாட்டை விட்டு வெள்ளைக்காரனே மூட்டை கட்டுறான். நீ என்னடான்னா ஒரு வெள்ளையனைப் பிடிச்சு வச்சுக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கே!"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பொன்னம்மா கத்தினாள்.

கமலவேணிக்குச் சிரிப்பு வந்தது. வாளியில் வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர். கிண்ணத்தில் அரைத்த மஞ்சள். நடுவில் வெள்ளையன், தலையிலிருந்து வால்வரை மஞ்சளாக நின்றுகொண்டிருந்தான். போன மாதம் தெருவிலிருந்து தானாக வந்து ஒட்டிக்கொண்ட நாய் அது.

"உண்ணியெல்லாம் ஓடிப்போச்சு அக்கா! இன்னிக்குத் தேடித் தேடிப் பார்த்தும் ரெண்டே ரெண்டுதான். தேங்காய் எண்ணெய் தடவினதும் பிடியை விட்டுடுச்சு!"

"மிச்சம் எங்க வீட்டுப் பாயில இருக்கு, வந்து எடுத்துக்கோ."

"திங்கட்கிழமை லைசன்ஸ் எடுக்கிறேன்னு அவரே சொல்லிட்டாரு அக்கா! கழுத்துப் பட்டை கூட வாங்கித் தர்றாராம்!"

உண்ணி மொய்க்கிற நாய்க்கு லைசன்ஸ் ஒரு கேடா என்று முகம் சுளித்த கணவர் ராஜரத்தினம், நேற்றுதான் இறங்கி வந்திருந்தார். அந்தச் சந்தோஷத்தில் கமலவேணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

பொன்னம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது.

"ஐயோ! நாய் லாரிடி!"

நாட்டின் சுதந்திர நாளான மெர்டேக்காவுக்கு இன்னும் நாலே நாள். அவர்கள் வசித்த காஜா பெராங் வட்டாரம் முழுக்கக் கொடியும் தோரணமும். ஊரைச் சுத்தம் செய்கிறோம் என்று, லைசன்ஸ் இல்லாத நாய்களையெல்லாம் அந்த லாரி வாரிக்கொண்டு போனது. போன நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை.

சுருக்குக் கம்பியோடு முன்னால் வருபவன் தேவதாஸ். அவன் முகத்தைப் பார்த்துப் பேச இந்தத் தெருவில் ஆள் கிடையாது. பிள்ளைகள் கல்லெறிவார்கள். "இவனுக்கு நல்ல சாவே வராது" என்று பெண்கள் சபிப்பார்கள். கமலவேணியும் சபித்திருக்கிறாள்.

"அக்கா, என்ன செய்யறது? பின்பக்கம் ஓட்டி விட்டாலும் பிடிச்சிடுவானே!"

பொன்னம்மா வேலியைத் தாண்டி வந்தே விட்டாள். "முதல்ல உள்ள தூக்குடி!"

"நீங்கதானே நாயே வேணாம்னு..."

"வேணாம்னுதான் சொன்னேன். அந்தப் பாவி கையில கொடுன்னா சொன்னேன்? ம், தூக்கு!"

முன்கூடத்துப் பாயில் வெள்ளையனைப் படுக்க வைத்துப் பழைய சேலையால் மூடினார்கள். லாரி பக்கத்து வீட்டு வாசலில் நின்றது.

கமலவேணியின் கண், மிச்சமிருந்த வேப்பிலைக் கொத்தில் விழுந்தது. அடுத்த நொடி அது வாசல் நிலையில் தொங்கியது. மஞ்சள் தண்ணீரை வாசலில் வாரித் தெளித்தாள்.

"ஆத்தா, மன்னிச்சுக்கோ" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொள்வதற்கும், தேவதாஸ் படியருகே வருவதற்கும் சரியாக இருந்தது.

வேப்பிலையைக் கண்டதும் அவன் நின்றான்.

"யாருக்கு, தங்கச்சி?"

"த... தம்பிக்கு அண்ணே."

"மூவார்லேர்ந்து வந்தான், வந்த இடத்துல அம்மை போட்டிருக்கு" என்றாள் பொன்னம்மா, மூச்சு விடாமல்.

சேலைக்குள்ளிருந்து 'டப், டப்' என்று சத்தம். புது ஆள் வந்திருக்கும் குஷியில் வெள்ளையன் வாலை ஆட்டினான்.



"காய்ச்சல் அதிகம். காலை உதறுறான், பாவம்!" பொன்னம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தேவதாஸ் சேலையையே பார்த்தான். வெகுநேரம் பார்த்ததுபோல் இருந்தது கமலவேணிக்கு. பிறகு செருப்பைக் கழற்றினான். சுருக்குக் கம்பியைக் கீழே போட்டுவிட்டு, வேப்பிலையைப் பார்த்துக் கைகூப்பினான்.

பின்னால் மலாய்க்கார டிரைவர் படியேற வந்தான்.

"ஜாங்ஙான் மாசோக்! அடா சாகிட்!" தேவதாஸ் கையை நீட்டித் தடுத்தான்.

உள்ளே நோய் என்று கேட்டதும், டிரைவர் வந்த வேகத்திலேயே லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

தேவதாஸ் கம்பியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தான்.

"தப்பிச்சோம்டி!" பொன்னம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். "அந்த முரடனுக்கும் சாமி பயம் இருக்கு பாரேன்! சுத்த மடையன். வால் எது, கால் எதுன்னு தெரியலை!"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கமலவேணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"தங்கச்சி."

சிரிப்பு அப்படியே நின்றது. வாசலில் மறுபடியும் தேவதாஸ். தனியாக வந்திருந்தான்.

"லைசன்ஸ் எடுக்கிற வரைக்கும்..." என்று தொடங்கியவன், லாரிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் திருத்திக்கொண்டான். "தம்பிக்கு அம்மை இறங்குற வரைக்கும் லாரி இந்தத் தெருவுக்கு வராது. நான் பார்த்துக்கிறேன்."



அவன் குரலைத் தாழ்த்தினான்.

"தம்பியோட காது மடிப்புக்குள்ளயும் மஞ்சளை நல்லாத் தேய்ச்சு விடு. உண்ணி அங்கதான் ஒளிஞ்சுக்கும்."