தாயைக் காட்டுங்க

“இது பதினோராவது இடம். இங்கேயாவது ஒரு குட்டியை வாங்கிட்டு மனசைத் தேத்திக்கோ,” என்று மனைவியிடம் கெஞ்சினார் பஸ் டிரைவர்.

நாய் வளர்ப்பவர் நான்கு லாப்ரடார் குட்டிகளைக் கொண்டுவந்து விட்டார். “அசல் ஜாதி. சர்டிபிகேட்டோட தர்றேன்.”

மனைவி குட்டிகளைத் தொடக்கூட இல்லை. “தாயைக் காட்டுங்க.”

“அது எதுக்கு மேடம்? கடிச்சு வைக்கும். பின்னாடி ஷெட்ல கட்டியிருக்கேன்.”

“தாயைப் பார்க்காம நான் வாங்கறதில்லை.” அவள் குரல் உடைந்தது.

“எங்க போனாலும் இதே பிடிவாதம்தான் சார்,” என்றார் டிரைவர் சங்கடத்தோடு. “சோறு தூக்கம் இல்லாமக் கிடக்கா. தயவுசெஞ்சு காட்டிடுங்க.”

வந்த வியாபாரம் கைநழுவிவிடுமோ என்று நாய் வளர்ப்பவர் அரைமனதாக ஷெட்டைத் திறந்தார். எலும்பும் தோலுமாக ஒரு நாய் சுருண்டு கிடந்தது.

“பஞ்சு...”

அவள் கூப்பிட்டதுதான் தாமதம். நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு பாய்ந்து வந்து, முனகியபடி அவள் முகமெல்லாம் நக்கியது.

டிரைவர் குனிந்து நாயை உற்றுப் பார்த்தார். மூன்று வருஷத்துக்கு முன் அவர்கள் வீட்டு வாசலிலிருந்து திருடுபோன நாய் அது. செத்திருக்கும் என்று அவர் எப்போதோ கைகழுவிவிட்டார். அவள்தான் குட்டி வாங்குகிற சாக்கில் அதைத் தேடி, நாய் விற்பவர்களின் வீட்டுப் படியெல்லாம் ஏறி இறங்கியிருக்கிறாள்.

“நான்... நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன்,” என்று உளறினார் நாய் வளர்ப்பவர்.

“எத்தனை தடவை குட்டி போட வைச்சீங்க?”



அவள் சங்கிலியை அவிழ்த்தாள். “வாம்மா, வீட்டுக்குப் போகலாம்.”