வெந்நீருக்கு ஒரு பம்ப்

குடும்ப வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க அறிவிப்பை, ஓய்வுபெற்ற தலைமை மேலாளர் இடுப்பில் துண்டோடு நின்று வெளியிட்டார்:

"இன்று முதல் நம் குளியலறையில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் சம வேகத்தில் வரும்!"

வெந்நீர்க் குழாயில் பம்பை மாட்டி முடித்த பிளம்பர், "சமையலறையில யார் வெந்நீரைத் திறந்தாலும் இனிமே உள்ள சில்லுனு ஆகாது சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"கேட்டியாம்மா?" என்றார் மாமனார், மருமகளிடம். "தினமும் நான் குளிக்கிற நேரமாப் பார்த்துத் திறந்து அலற வச்சியே, அந்தக் கொட்டம் அடங்கிடுச்சு."

"பம்ப் வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேனே மாமா."

"சொல்லத்தான் சொல்லுவே!"

தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளிக்க ஆரம்பித்தார். மருமகள் வழக்கம்போல் சமையலறையில் வெந்நீரைத் திறந்தாள். குளியலறையிலிருந்து சத்தமே இல்லை. இன்னும் திருகினாள். அப்போதும் இல்லை. ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தடதடவென்று இடித்தாள்.

"மாமா! மாமா!"

சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தவர், "தோத்துட்டியா?" என்றார். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அத்தை உள்ள விழுந்து கிடந்தது தெரியாமத்தானே அவங்களைப் பறிகொடுத்தோம்? நீங்களும் தாழ்ப்பாள் போட்டுக்கறீங்க. கூப்பிட்டாலும் கௌரவம் பார்த்துப் பதில் சொல்றதில்ல. நீங்க அலறினாத்தான் மாமா எனக்கு உயிரே வரும்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அலறல் கேட்டது.

"ஐயோ, குளிருதே! யாரது குழாயைத் திறந்தது?"

தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வந்துகொண்டிருந்தது.