பதிவில் இல்லாத நோட்டுகள்

"கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி கணக்கெல்லாம் யாரும்மா போட்டாங்க?"

ஆறு வயதில் மகள் கேட்ட இந்த ஒரு கேள்விதான் தன்னை இந்த வழிக்கு இழுத்து வந்தது என்று, நூலகத்துக்கு வந்த முதல் நாளே ஆராய்ச்சிக்காரி சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். இப்போது அந்த மகள் அம்மாவின் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். அம்மாவின் சிரிப்புதான் போன இடம் தெரியவில்லை.

"அக்கா, இந்தாங்க என் கார்டு. ரத்து பண்ணிடுங்க. இனிமே வரமாட்டேன்."

விசாரணை மேசையில் இருந்தவளை எல்லோரும் மேசை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருட வேலையில் அவளுக்கென்று மிஞ்சிய பெயர் அது. நீட்டிய கார்டை அவள் வாங்கவில்லை.

"நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் நேரம் இருக்குல்லம்மா?"

"இருந்து? கல்லுல நார் உரிக்க முடியுமாக்கா?"

விஷயம் இதுதான். ஒரு காலத்தில், வானாய்வுக்கூடம் ஒன்றில் நட்சத்திரங்களின் இடத்தைக் கணக்கிட்டவர்கள் பெண்கள். ஒரே அறையில் வரிசையாக உட்கார்ந்து, காலை முதல் மாலை வரை பென்சிலால் கூட்டிப் பெருக்கி வகுத்தார்கள். அச்சான அட்டவணையில் இருந்ததோ இயக்குநரின் பெயர் மட்டும். அந்தப் பெண்கள் கைப்பட எழுதிய பதினொரு நோட்டுகள் இந்த நூலகத்துக்குக் கொடையாக வந்தன என்று பழைய ஆண்டறிக்கை ஒன்றின் அடிக்குறிப்பு சொன்னது. நூலகக் கணினியோ அப்படி எதுவும் இல்லவே இல்லை என்றது. வானியல், கணிதம், கையெழுத்து, நன்கொடை என்று எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினாலும் அதே பதில்தான். வேறு நான்கு நூலகங்களுக்கும் எழுதிப் பார்த்தாயிற்று. இரண்டு இடத்தில் இல்லை என்றார்கள். இரண்டு இடத்தில் அதைக்கூடச் சொல்லவில்லை.

அந்த நோட்டுகளை நம்பித்தான் ஆய்வேடே நின்றது. கண்ணால் பார்க்காத ஆதாரத்தை வைத்து எழுதினால் அதற்கு ஆராய்ச்சி என்று பெயரில்லை, கதை என்று பெயர் என வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லிவிட்டார். இரண்டு முறை நீட்டித்த கெடு நாளை நான்கு மணியோடு முடிகிறது. மூன்றாவது நீட்டிப்பு கிடையாது. எட்டு வருட உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

வீட்டிலும் அவளுக்கு நிழல் இல்லை. இல்லாத நோட்டைத் தேடுகிறேன் என்று இருக்கிற பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாயே என்று கணவன் நேற்றும் கேட்டானாம். சொல்லும்போது ஆராய்ச்சிக்காரி அழவில்லை. அழுது முடித்தவளின் முகமாக இருந்தது அது.

"உங்களைத்தான்க்கா மறக்க முடியாது. பெத்தவங்ககூட எனக்காக இவ்வளவு தேடினதில்ல."

மேசை அக்கா குனிந்துகொண்டாள். "அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா."

மூன்று வாரமாகச் சாப்பாட்டு இடைவேளையிலும் விடுமுறை நாளிலும் அவள் நிலவறையில்தான் கிடந்தாள். ஆயிரக்கணக்கான கட்டுகள், ஒன்றிலும் சீட்டு இல்லை. ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். தூசியில் இருமல் வந்து ஒட்டிக்கொண்டது. அங்கே எலிகள்தான் ஆராய்ச்சி பண்ணுகின்றன, நீங்கள் எதற்குப் போட்டிக்குப் போகிறீர்கள் என்று காவலாளி கேலி செய்தார். சம்பளத்தில் சேராத வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளும் பைத்தியம் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

கார்டை ரத்து செய்ய ஒருநாள் ஆகும் என்று ஒரு பொய்யைச் சொல்லி ஆராய்ச்சிக்காரியை அனுப்பிவைத்தாள். படி இறங்கிப் போகிறவளின் முதுகைப் பார்த்தபோது, உயிரோடு இருக்கிறவர்களுக்கும் இப்படி ஒரு நடை உண்டா என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் நூலகம் திறக்க இரண்டு மணி நேரம் இருக்கும்போதே வந்து நிலவறையில் இறங்கினாள். "ஆண்டவா, எனக்காக இல்லேன்னாலும் அந்தப் பொண்ணுக்காகக் கண்ணைத் திற" என்று முணுமுணுத்துக்கொண்டே கடைசி அறையின் கடைசி அலமாரியை ஒதுக்கினாள். பழைய செய்தித்தாள் தொகுதிகளுக்குப் பின்னால், பழுப்புக் காகிதம் சுற்றிய ஒரு கட்டு இருந்தது. முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தாள்.

பதினொரு நோட்டுகள். ஓரமெல்லாம் ஈரக்கறை. உள்ளே பென்சில் எழுத்து மங்கலாக, ஆனால் வரிசை பிசகாமல்.

கட்டை மேலே கொண்டுவந்து, வாசிப்பு அறையில் ஆராய்ச்சிக்காரி வழக்கமாக உட்காரும் இடத்தில் வைத்தாள். கணினியைத் திறந்து புதிய பதிவு ஒன்றைத் தொடங்கினாள். ஆராய்ச்சிக்காரி போட்டிருந்த கோரிக்கை இன்னும் நிலுவையில் இருந்தது. கேட்ட நூல் பதிவில் ஏறிய உடனே அவள் கைபேசிக்குச் செய்தி தானாகப் போய்விடும். யார் தேடினார்கள், யார் எடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் வராது.

தலைப்பு, பொருள், அலமாரி எண் எல்லாம் நிரப்பினாள். மேலட்டையில் எழுதியவர் பெயர் இல்லாததால் அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டுச் சேமித்தாள். 'ஆசிரியர் பெயரின்றிப் பதிவு ஏற்கப்படாது' என்று திரை மறுத்தது.

எழுந்து போய் நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒவ்வொரு நாள் கணக்கின் அடியிலும், சரிபார்த்தவள் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தாள். பதினான்கு பெண்கள். ஒருத்தியும் விடுபடாமல் பதினான்கு பெயர்களையும் தட்டினாள். திரை ஏற்றுக்கொண்டது, செய்தி போயிற்று.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், நூலகத்தின் பழைய பட்டியல் அட்டைகளைப் பார்த்துப் பார்த்துக் கணினியில் ஏற்றிய நாட்களில், இதே நோட்டுகளுக்குத் திரை இதே மறுப்பைச் சொன்னபோது, 'பேரில்லாததைக் கேட்டு யார் வரப்போறாங்க' என்று பதினொரு அட்டைகளையும் கிழித்துப் போட்டுவிட்டு, 'அனைத்தும் பதிவாகின' என்று கையெழுத்திட்டவை இந்தப் பெயர்களைத் தட்டிய அதே விரல்கள்தான்.