மாதுளை நிறச் சுவர்

"ஊடா இது, கூத்துக் கொட்டாயா?"

ஒரு காலை உள்ளே வைத்ததும் ராமாத்தாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். வெண்ணந்தூரில் அவள் பிறந்த வீட்டுக் கூடம் அது. வெள்ளை வெளேரென்றிருந்த நாலு சுவரும், மாதுளையைப் பிளந்து தேய்த்த மாதிரி சிவந்து கிடந்தன. சிவப்பென்றும் சொல்ல முடியவில்லை, ரோஜா நிறமென்றும் சொல்ல முடியவில்லை.

"ஏம்புள்ள கமலவேணி, யாரு பூசுனது?"

"நாந்தானுங்க நங்கையா. செங்காவியில நூல் சாயத்தைக் குழைச்சுப் பூசுனேன்" என்றாள் தம்பி பெண்டாட்டி, வாசலில் கோலம் போட்டேன் என்பதுபோல.

ராமாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாளைக்கு விடிஞ்சா சம்பந்தி ஊட்டாரு வெத்தலை பாக்கு மாத்த வாராங்க! அந்தம்மா படியில தூசி இருந்தாலே மூஞ்சியச் சுளிக்கறவ. இதப் பாத்தா என்ன நெனப்பா?"

தேடித் தேடி இப்போதுதான் மகளுக்கு ஒரு நல்ல இடம் அமைந்திருந்தது. சேலத்தில் தன் வீட்டிலேயே நிச்சயத்தை வைத்திருப்பாள். அவளைப் பெற்ற அய்யன் கைலாசம் சேலத்துப் பக்கமே வரமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றதால்தான் இங்கே வைக்க வேண்டியதாயிற்று.

அய்யன் மூலையில் சுவரோரம் உட்கார்ந்து, சின்ன உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். வாதம் வந்ததில் வாய் ஒரு பக்கம் கோணி மரத்துப் போயிருந்தது. தோளில் கிடந்த துண்டும் அதே மாதுளை நிறம்.

"அடக் கருமமே! துண்டையுமா முக்கி எடுத்தே?"

"மிச்சச் சாயம் வீணாப் போகுமேன்னு முக்குனேனுங்க."

ராமாத்தாள் தறிக்குழிப் பக்கம் திரும்பினாள். "ஏண்டா சண்முகவேலு, உம் பொண்டாட்டி பண்றதக் கேக்க மாட்டியா?"

நின்றிருந்த தறி சட்டென்று வேகமாக ஓட ஆரம்பித்தது. தம்பியின் பதில் அவ்வளவுதான்.

இனி இவர்களை நம்பி ஆகாது. ராமாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொல்லையில் இருந்த சுண்ணாம்பைச் சட்டியில் கரைத்து, வெள்ளையடிக்கிற மட்டையோடு வந்தாள்.

கமலவேணி குறுக்கே வந்து நின்றாள். "சுவத்துல மட்டை பட விடமாட்டேனுங்க."

"இந்தச் சம்பந்தம் தட்டிப் போனா நீ பொறுப்பேத்துக்குவியா?"

"என்னை என்ன வேணும்னாலும் பேசுங்க. சுவத்தை மட்டும் உட்ருங்க."

"எம் மவ வாழ்க்கையை விட உனக்கு இந்தக் கண்றாவிக் கலர் பெருசாப் போச்சா? எத்தனை அழுத்தம்டி உனக்கு!"

கமலவேணி வழியை விடவில்லை. ராமாத்தாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அய்யா, நீங்களே சொல்லுங்க. இது நல்லாவா இருக்குது?"

கைலாசம் மென்றுகொண்டிருந்த வாயோடு முகத்தைத் திருப்பினார்.

"நல்லாத்தான் இருக்குது சாமி!"

கோணிய வாய் வழியாக வெற்றிலைச் சாறு பீய்ச்சிக்கொண்டு போய்ச் சுவரில் விழுந்தது. துடைக்க வேண்டுமே என்று ராமாத்தாள் குனிந்து பார்த்தாள். லேசாக ஈரம் மின்னியது. கறையைக் காணோம். கமலவேணி துண்டு நுனியால் மாமனாரின் மோவாயை ஒற்றி எடுத்தாள். துண்டிலும் ஒன்றும் தெரியவில்லை.

கிழவர் முகமெல்லாம் சிரிப்பாகப் பேசினார்.

"இந்தப் பூச்சு பூசுன நேரம், என் வாயே சரியாப் போச்சு சாமி. உங்க ஊட்டுல இருந்தப்ப, பேசுனாலே தெறிக்கும். வெள்ளச் சுவத்தத் தொடச்சுத் தொடச்சு நீயும் அலுத்துப் போயித்தான கொண்டாந்து உட்டுட்டே. அன்னிக்கு விட்ட வெத்தலைய இப்பத்தான் மறுபடி தொடறேன். இப்ப எங்க தெறிக்குது? நீயே பாரு, ஒரு பொட்டுக் கறை இருக்குதா?"

சேலத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் ராமாத்தாள் ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். ஆடி மாதம் சேலத்தில் அவரிடம் தான் போட்ட சத்தம் இப்போது அவள் காதிலேயே விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். 'சொல்லிடாதீங்க' என்று கமலவேணியின் கண் கெஞ்சியது.

"பொட்டுக்கூட இல்லீங்கய்யா" என்றாள் ராமாத்தாள்.

மட்டையைச் சட்டியில் போட்டுவிட்டுக் கமலவேணியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள்.

"நாளைக்கு அந்தச் சம்பந்தியம்மா மூஞ்சியச் சுளிச்சா நீ பேசாம இரு. பூசச் சொன்னது நாந்தான்னு சொல்லிக்கறேன்."