ஏழாம் நம்பருக்கு நூறாவது நாள்

"என் ராஜா, நீ பொறந்து இன்னையோட நூறு நாள்!" என்று கொஞ்சினாள் டாக்டரம்மா. ராஜா பதிலுக்கு மீசையை ஆட்டியது. அப்புறம் ஏழாம் நம்பர் கூண்டின் கம்பியில் தலைகீழாகத் தொங்கி வேடிக்கை காட்டியது.

"பெத்த பிள்ளையக்கூட இப்படிக் கொஞ்ச மாட்டீங்க போல," என்று சிரித்தார் எலிக்காரர். கூண்டு கழுவி, தீனி வைத்து, செத்ததை அப்புறப்படுத்துகிற அவருக்கு ஆய்வகத்தில் அதுதான் பெயர்.

"பெத்த பிள்ளைக்காகத்தானே அண்ணே இதையே கொஞ்சறேன்!"

அவள் மகனுக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே ஒரே ஒரு மரபணு பழுது. தசையெல்லாம் கரைந்து, இப்போது கரண்டியைக்கூடத் தூக்க முடியாது. அந்த மரபணு உடம்பில் என்னதான் வேலை செய்கிறது என்று பார்க்க, எலியிலும் அதையே கெடுத்து, அந்த வம்சம் அழியாமல் கருக்களை உறைய வைத்து ஆறு வருஷமாகக் கட்டிக் காக்கிறாள். அதில் நோயோடு பிறந்த குட்டி எதுவும் அறுபது நாளைத் தாண்டியதில்லை.

ஆறு எலிக்கு ஆறு விதமான மருந்து போட்டுப் பார்த்தாள். ஆறும் போய்ச் சேர்ந்தன. ஆறாவது செத்த அன்று கூண்டறைத் தரையிலேயே உட்கார்ந்து அவள் அழுத அழுகை இருக்கிறதே! எலிக்காரர்தான் தண்ணீர் கொடுத்து எழுப்பிவிட்டார்.

ஏழாம் நம்பருக்கு நாற்பதாம் நாள் ஊசி போட்டாள். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால், எழுந்து நிற்கவே முடியாத எலி கம்பியில் ஏறுகிறது! அடையாளத்துக்கு எப்போதோ போட்ட காது ஓட்டையில் மட்டும் ரத்தம் கசிந்திருந்தது. "சொறிஞ்சுக்கிச்சு போல," என்றார் எலிக்காரர். வந்த சந்தோஷத்தில் காதையா பார்த்துக்கொண்டிருப்பாள்?

"ஆழம் தெரியாம கால விடாதே. இன்னும் பத்து எலிக்காவது போட்டுப் பாரு," என்று கணவன் தலைப்பாடாய் அடித்துக்கொண்டான். நாளை எண்ணிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு, பத்து எலி வரைக்கும் பொறுக்க நேரம் ஏது?

"அண்ணே, உங்ககிட்ட மட்டும் சொல்றேன்," என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "நூறு நாள் ஆகட்டும்னுதான் காத்திருந்தேன். ஆஸ்பத்திரியில கேட்டா வருஷக்கணக்குல இழுத்தடிப்பாங்க. காலையில நானே அவனுக்கு அந்த ஊசியப் போட்டுட்டேன்."

எலிக்காரர் கையிலிருந்த தீனி டப்பா கீழே விழுந்து சிதறியது.

"பிள்ளைக்கா? இதே மருந்தா?"

"பின்ன? ஏழாம் நம்பரைப் பாருங்க, என்னமா குதிக்குது!"

"ஐயோ, டாக்டரம்மா... அன்னைக்கு நீங்க அழுதத என்னால பாக்க முடியல. மறுபடியும் அழுவீங்களேன்னுதான், நோயில்லாத எலி ஒண்ணுக்குக் காதுல அதே மாதிரி ஓட்டை போட்டு இந்தக் கூண்டுல விட்டேன்."

அவள் கூண்டுக்குள் கையை விட்டு எலியின் காதைப் புரட்டிப் பார்த்தாள். "அப்போ... ஏழாம் நம்பர்?"

"ஊசி போட்ட மறுநாளே செத்துப்போச்சும்மா."