ஒரு கை உப்பு

"சம்பூர்ணம், ஒரு கை உப்பு இருந்தா குடேன்."

அடுத்த வீட்டுக் குப்பாயி வந்துவிட்டாள். பத்து நாளாக இதே கூத்து. உப்பு வாங்க வருகிறவள் ஒரு கொட்டாங்குச்சியாவது எடுத்துக்கொண்டு வரலாம். அதுவும் கிடையாது. வீசின கையும் வெறுங்கையுமாக வந்து நிற்பாள். சம்பூர்ணத்தின் கிண்ணத்திலேயே வாங்கிக்கொண்டு போவாள்.

"கொழந்த தூங்கிக்கினு கீதா? சரி சரி, நான் சத்தம் போடல" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

சம்பூர்ணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர் இது. இங்கே மலிவாகக் கிடைப்பது உப்பு ஒன்றுதான். மூணு ஆடு வைத்திருக்கிறவளுக்கு அதை வாங்கக்கூடவா வக்கில்லை?

வாய்விட்டுக் கேட்கத் தைரியம் இல்லை. ஆரணிப் பக்கத்திலிருந்து வாழ வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. கைக்குழந்தைக்காரி. புருஷன் முனிகிருஷ்ணன் கும்மிடிப்பூண்டியில் புதிதாகக் கம்பெனி கட்டுகிற இடத்தில் கூலி வேலைக்குப் போயிருந்தான். அவர்கள் நிலத்தில் ஏரியின் உப்புத் தண்ணீர் ஏறி நெல் பட்டுப்போய், வெறும் உமிரிச்செடியாக மண்டிக் கிடந்தது. வேறு என்ன செய்வான்? மழை பிடித்ததிலிருந்து பஸ்ஸும் இல்லை, அவனும் வரவில்லை.

பானை அடியில் கொஞ்சம் நொய் இருந்தது. அதைக் கஞ்சியாக்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

சாயங்காலம் கிண்ணம் திரும்பி வரும், உமிரிக்கீரைக் கூட்டோடு.

"கிண்ணத்த வெறுசா குடுக்கக் கூடாதுன்னுவாங்க. இந்தா, சூடா துன்னு."

சம்பூர்ணம் ஒரு இணுக்கு விடாமல் வழித்துச் சாப்பிடுவாள். ஆனாலும் மனசு கணக்குப் போடும். கீரை சும்மா முளைத்துக் கிடப்பது. அதில் போட்டிருப்பது நம் வீட்டு உப்பு. பெரிதாக என்ன கொடுத்துவிட்டாள்?

பதினோராம் நாள் துணிந்துவிட்டாள்.

"உப்புப் பானை நெறஞ்சிருக்குது அத்தே."

உப்பு தீர்ந்துபோனால் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. 'நிறைஞ்சிருக்கு' என்றுதான் சொல்லவேண்டும். கேட்பவருக்குப் புரிந்துவிடும். நல்லவேளை, சம்பூர்ணம் சொன்னது பொய்யும் இல்லை. பானை நிஜமாகவே முக்கால் வாசிக்கு இருந்தது.

குப்பாயி முகம் விழுந்துவிட்டது.

"அப்ப புளி கீதா?"

"நெறஞ்சிருக்குது."

"மொளகா?"

"அதுவும் நெறஞ்சிருக்குது அத்தே."

"இன்னா பொண்ணே, எதக் கேட்டாலும் நெறஞ்சிருக்குதுன்ற!" தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டாள்.

அன்று கிண்ணமும் போகவில்லை, கூட்டும் வரவில்லை. உப்பைத் தொட்டுக்கொண்டு கஞ்சி குடித்தாள். இரவெல்லாம் குழந்தை பாலுக்குச் சிணுங்கியது.

விடிந்ததும் சம்பூர்ணம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலத்துக்குப் போனாள். மழைத் தண்ணீரில் உமிரி பச்சைப்பசேலென்று துளிர்த்திருந்தது. இலையைப் பார்த்தால் இலை மாதிரியே இல்லை. குழந்தையின் விரல் மாதிரி குண்டு குண்டாய், கிள்ளினால் தண்ணீர் கசிந்தது. முந்தானை நிறையக் கிள்ளி வந்தாள். வேகவைத்தாள். நாலு மிளகாய் கிள்ளிப் போட்டாள். ஒரு கை உப்பும் போட்டாள்.

ஒரு வாய்தான். வாசலுக்கு ஓடிவந்து துப்பினாள்.

தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்த மணியம்மாள் நின்றாள்.

"இன்னாம்மே துப்பிக்கினு கீற?"

"உமிரி ஆக்கினேன்க்கா. கடலையே வாயில ஊத்துனாப்போல கரிக்குது."

"ரெண்டு தண்ணி வடிச்சியா?"

"வடிக்கணுமா? வேகவெச்சு உப்பு போட்டேன், அவ்ளோதான்."

மணியம்மாள் சிரித்த சிரிப்பில் குடத்துத் தண்ணீர் பாதி அவள் மேலேயே கொட்டியது.

"உப்பு போட்டியா! அடி ஆரணிக்காரி! அது உப்புத் தண்ணிய குடிச்சு வளர்ற செடிம்மே. ரெண்டு தண்ணி வடிச்சு ஊத்தினாலும் வேணுங்குற உப்பு அதுலயே நிக்கும். உமிரிக்கு உப்பு போடுறவளை இன்னிக்குத்தான் பார்க்குறேன்!"

"குப்பாயி அத்தை போடுறாங்களே?"

"அவளா? மழ புடிச்சதுலேர்ந்து அவ ஊட்ல தெனமும் உமிரிதான். உப்புப் பானைக்கு அங்க இன்னா வேலை?"

சிரித்துக்கொண்டே மணியம்மாள் போய்விட்டாள்.

சம்பூர்ணத்தின் மனசு கணக்கைத் திரும்பப் போட்டது. உப்பே வேண்டாதவள் பத்து நாளாக எதற்கு வந்தாள்? வெறுங்கையோடு வந்து, என் வீட்டுக் கிண்ணத்தை எதற்குக் கேட்டு வாங்கிப் போனாள்?

உள்ளே போய்க் கிண்ணத்தை எடுத்தாள். கோபுரமாக உப்பை அள்ளி வைத்தாள். நேரே குப்பாயி வீட்டு அடுப்படிக்குப் போய் நீட்டினாள்.

குப்பாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து பானை நெறஞ்சிருக்குதுன்னியே பொண்ணே?"

சம்பூர்ணத்துக்கு வெட்கமாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"பானையில உப்பு இருக்குது அத்தே. வயிறுதான்... நேத்துலேர்ந்து நெறஞ்சிருக்குது."