முதல் மிடறு

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் தென்னமெரிக்காவில் இருந்த ஒரு ஜனாதிபதியின் கதை சொல்கிறேன். இரண்டு முறை நாற்காலியிலிருந்து துரத்தப்பட்டு, மூன்றாவது முறையும் ஏறி உட்கார்ந்தவர் ஜெனரல் அனிசெட்டோ. துரத்தப்பட்ட காலமெல்லாம் மலைக்குகையில் கூடவே கிடந்தவன் அவருடைய பணியாள் லௌரேனோ. அந்த நாட்டில் சுரைக்குடுவையில் மூலிகைத் தேநீர் ஊற்றுகிறவன்தான் முதலில் குழாய் வைத்து உறிஞ்ச வேண்டும். கசப்பு அவனுக்கு, ருசி அடுத்தவருக்கு; தேநீரில் எதுவும் கலக்கவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி. இருபது வருஷமாக லௌரேனோ அப்படித்தான் குடித்துவிட்டுக் கொடுத்தான். மூன்றாவது முறை பதவியேற்ற மறுநாள் காலை, குடிக்காமலே நீட்டினான்.

“நீ குடிக்கலையா?”

“வயிறு சரியில்லை, ஜெனரல்.”

“குகையில பச்சைக் கிழங்கைத் தின்னப்பகூட உன் வயிறு நல்லாத்தானேடா இருந்துச்சு?”

லௌரேனோ குடுவையை இன்னும் கிட்ட நீட்டினான். அனிசெட்டோ அதை வாங்கி, உள்ளங்கையில் சூடு ஏறும்வரை வைத்திருந்தார். பிறகு குழாயின் முனையை அவன் உதட்டுப் பக்கம் திருப்பினார்.

“முதல் மிடறு உனக்குக் கசக்குமேன்னு இத்தனை வருஷமா வருத்தப்பட்டிருக்கேன்டா.”

உங்கள் வீட்டுக் கைகள் நீட்டுவதையெல்லாம் நீங்கள் முகம் பார்க்காமல் வாங்கிக் குடிக்கிறபடி, குடும்பத்தோடு நல்லா இருங்கள்.